சோலையப்பன் கத்தியைக் கைவிட்ட விவகாரம்

கீரனூர்,
திருச்சி ஜில்லா,
10-3-1963.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ரெங்கராஜ் அவர்களுக்கு, கீரனூர் மலையாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இத்தனை ஆண்டுகளாகத் தங்களை ‘நீ’ என்றும் ‘மாப்பிள்ளை’ என்றும் விளித்து எழுதிவந்தேன். இன்று முதல் ‘தாங்கள்’ என்று எழுதுகிறேன். மரியாதை கூடிவிட்டதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இவ்விடத்து நலத்தை முதலில் தெரிவிப்பது முறை, தெரிவிக்கிறேன். தங்கள் சகோதரி அமிர்தவல்லி நலம். பசு நலம். வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் கிடா மிக நலம். அது ஏன் வந்தது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். நான் நலமில்லை. அவ்விடத்தில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறர் வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்துக்குக் கீழே கையொப்பமிட்டுவிட்டு நிம்மதியாக உறங்கியவர்கள் எக்காலத்திலும் உண்டு. கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் அவர்களில் பலரை எனக்குப் பெயர் சொல்லியே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஒரே மகன் சோலையப்பன், மதுரையில் தங்கள் வீட்டு மாடியறையில் தங்கி, தங்கள் மனைவியார் சமைத்ததைச் சாப்பிட்டு, எம்.பி.பி.எஸ். தேறி, இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறான். இதற்காக நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை மறுக்கவில்லை. ஆனால் மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று எழுதிக் கொடுக்க வேண்டிய வேளையில், அவன் அறுவை சிகிச்சையை விட்டுவிட்டு மயக்க மருந்துத் துறையைக் கேட்டிருக்கிறான். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று அச்சிட்ட இடத்தில் தாங்கள் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். பெற்றோர் உயிருடன் இருக்கிறாரா என்று ஒரு கார்டு எழுதிக் கேட்டிருக்கலாம். இருந்தேன். துறையை மாற்றிக்கொள்ள இம்மாதக் கடைசிவரை அவகாசம் உண்டு என்று கல்லூரி அலுவலகத்துக்கு எழுதித் தெரிந்துகொண்டேன். அதற்குள் அவனை மாற்றி எழுதிக் கொடுக்கச் செய்ய வேண்டியது தங்கள் பொறுப்பு. அதற்காகவே இக்கடிதம்.

இதில் என் சொந்த நலனும் கலந்திருப்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அவன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அதே வருஷம், என் அடிவயிற்றில் வலப்பக்கமாக இறங்கியிருப்பது குடலிறக்கம் என்று திருச்சி டாக்டர் சொன்னார். உடனே அறுத்துச் சரிசெய்துவிடலாம் என்றும் சொன்னார். “வேண்டாம். என் மகன் சர்ஜனாகி வந்து அறுப்பான்” என்று கூறிவிட்டு, ஒரு தோல் பெல்ட்டை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு கீரனூருக்கு பஸ் ஏறினேன். அன்றிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை. தும்மல் வந்தால் ஒரு கையைச் சுவரிலும் மறு கையை அந்த இடத்திலும் ஊன்றிக்கொண்டுதான் தும்முகிறேன். ஓய்வு பெறும்வரை பானிபட்டுப் போர்கள் மூன்றையும் நாற்காலியில் அமர்ந்தபடியே நடத்தினேன். முன்பெல்லாம் படுத்தால் அது தானாக உள்ளே போய்விடும். சில மாதங்களாகக் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போகிறது. ஒரு நாள் அது போக மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் டாக்டர் விளக்கியிருக்கிறார். அதை இங்கே எழுதமாட்டேன். இக்கடிதம் வந்து சேரும்போது தாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

நான் ஒருவன் மட்டும் காத்திருந்தால் போகட்டும் என்று விடலாம். ஊரே காத்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை டாக்டராகி வரும்போது வேறு எவனிடமும் போய் உடம்பைக் கொடுப்பது அவமரியாதை என்று இங்கே ஒவ்வொருவரும் தத்தம் கட்டியை, கல்லை, வீக்கத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். என் தமக்கை பொன்னுத்தாயைத் தாங்கள் அறிவீர்கள். பித்தப்பையில் கல் இருப்பதாக எக்ஸ்ரே எடுத்துச் சொன்ன நாள் முதலாய் அந்தப் படத்தைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். அரிசி மில் செல்லமுத்துவுக்குப் பின்கழுத்தில் ஒரு கழலை. சோலையப்பன் முதலாம் ஆண்டு படிக்கையில் அது இலந்தைப் பழ அளவில் இருந்தது. இன்று அவர் சட்டைக்குக் கழுத்துப் பித்தானே போடுவதில்லை. “வளரட்டுங்க. தம்பி வந்து எடுக்கிறப்ப கைக்கு அடக்கமா இருக்கட்டும்” என்று அதைத் தடவிக்கொண்டே சொல்வார்.

பொங்கலுக்கு வந்தபோது சோலையப்பன் தன்னுடன் மூன்று நண்பர்களை அழைத்து வந்தான். எதிர்கால இந்தியாவின் உடல்நலத்தைக் காக்கப்போகிறவர்கள் தங்கள் துறையை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அறியும் ஆவலில், கரும்பு கடித்துக்கொண்டிருந்த அவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன்.

“நான் எலும்புங்க, சார்” என்றான் முதலாமவன்.

“ஏன்?”

“எலும்பு சீஃப்புகிட்ட கார் இருக்குதுங்க. எங்க பேட்ச்சுல லைசென்ஸ் வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.”

இரண்டாமவன் கண். அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர் காரைக்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். “நான் எழுதிக் குடுப்பேன், மாமா மாட்டி விடுவாரு” என்றான். மூன்றாமவன் குழந்தை மருத்துவம் என்றதும் எனக்கு மனம் குளிர்ந்தது. “பிள்ளைகள்மேல் பிரியமோ?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, சார். அந்த வார்டுதான் மெஸ்ஸுக்குப் பக்கத்துல இருக்கு. மத்த வார்டுலேர்ந்து ஓடியாரதுக்குள்ள பொரியல் தீர்ந்துபோயிருது.”

இவ்வாறாக எலும்பு காருக்கும், கண் மாமனாருக்கும், குழந்தைகள் பொரியலுக்கும் போய்ச் சேர்ந்தன. பாளையப்பட்டுகளைக்கூட இதைவிட ஆலோசித்துத்தான் பிரித்தார்கள். நான் என் மகனைப் பார்த்தேன். அவன் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, “இன்னும் யோசிக்கிறேன்பா” என்று சொன்னான். நான் அதை அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அன்றே நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். யோசிக்கிற பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கல்லூரியில் போதிய அனுபவம் உண்டு.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பகல் உணவின்போது குண்டு விழுந்தது. பொன்னுத்தாய் அக்காவும் வந்திருந்தார். நான் மோருக்கு வந்திருந்தேன்.

“அப்பா, நான் சர்ஜரி எடுக்கலை. அனஸ்தீசியா எழுதிக் குடுத்திருக்கேன். மாமா கையெழுத்துப் போட்டுட்டாரு” என்றான்.

“அது என்ன எழவுடா, மருமகனே?” என்றார் அக்கா.

“மயக்க மருந்து குடுக்கிறதுங்கத்தை. ஆப்பரேசன் பண்றப்ப வலி தெரியாமத் தூங்க வைக்கிறது.”

“தூங்க வைக்கிறதுக்கா இம்புட்டுப் படிப்பு? ஒங்கப்பன் காலேசுல சம்பளம் வாங்கிக்கிட்டு அந்த வேலையத்தானடா பாத்தாரு, அம்புட்டு வருசமும்!”

தங்கள் சகோதரி சிரித்தார். மோர் ஊற்றிக்கொண்டே சிரித்ததால் பாதி மோர் என் வேட்டியில் விழுந்தது. நான் சிரிக்கவில்லை, சிரிக்க விரும்பியிருந்தாலும் அன்று பெல்ட் நெகிழ்ந்திருந்தது. “காரணம்?” என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். தாங்களும் இதைக் கேட்டுத்தான் மயங்கிப்போய்க் கையொப்பமிட்டிருக்க வேண்டும்.

“மேலூர்ப் பக்கத்து அம்மா ஒண்ணுப்பா. வயித்துல கட்டி. டேபிள்ல படுக்க வச்சாச்சு. சீஃப்பு கை கழுவிக்கிட்டு இருக்காரு. நர்ஸம்மா கத்தியெல்லாம் எடுத்து அடுக்குது. நாங்க அஞ்சாறு பேரு சுத்தி நிக்கிறோம். எல்லாரும் அந்தம்மா வயித்தையே பாக்குறோமே தவிர, மூஞ்சியப் பாக்க ஒரு ஆளு இல்லை. அதுக்கு ஒதடெல்லாம் நடுங்குது. மயக்கம் குடுக்கிறவரு மட்டுந்தான் தலைமாட்டுல நின்னுக்கிட்டு, ‘ஆத்தா, ஒங்களுக்கு எத்தனை புள்ளைங்க? பேரச் சொல்லுங்க, கேப்போம்’னாரு. சொல்லிக்கிட்டே வந்துச்சு. மூணாவது பேர்ல தூங்கிருச்சு. மறுநாளு டிரெஸ்ஸிங் மாத்தப் போறேன், சீஃப்பு வந்து நிக்கிறாரு, அவர யாருன்னே அதுக்குத் தெரியலை. ‘கடைசிப் பய பேரச் சொல்லாம விட்டுப்புட்டேனே, அந்தத் தம்பி எங்க?’ன்னு கேக்குதுப்பா.”

தங்கள் சகோதரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவும் ஒரு மாதிரியாக இருந்தார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“கட்டியை எடுத்தது யார்?”

“சீஃப்புப்பா.”

“போதும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன். எழுந்த வேகத்தில் அது இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஓடி வந்து தாங்கினான். நான் கையை விலக்கிவிட்டேன்.

இனிமேல் அவன் கீரனூரில் என்ன தொழில் நடத்துவான் என்று தாங்கள் ஒரு கணம் எண்ணிப் பார்த்ததுண்டா? ‘டாக்டர் எம். சோலையப்பன்’ என்று திருச்சியில் பெயர்ப்பலகை எழுதி வாங்கி, பட்டத்துக்கு மட்டும் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது? ‘இங்கு மயக்கம் கொடுக்கப்படும்’ என்றா? மதுவிலக்கு அமலில் உள்ள மாகாணத்தில் அப்படி ஒரு பலகையை மாட்டினால் முதலில் உள்ளே வருபவர் நோயாளியாக இருக்கமாட்டார், சப்-இன்ஸ்பெக்டராக இருப்பார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களும் நோயாளிகளாக இருக்கமாட்டார்கள். எலும்பு முறிந்தவன் எலும்பு டாக்டரைத் தேடி வருவான். கண் மங்கியவன் கண் டாக்டரைத் தேடுவான். ‘எனக்குக் கொஞ்சம் மயக்கம் வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டுகிற மனிதன் எந்த ஊரில் இருக்கிறான்?

செய்தி மில் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காலை செல்லமுத்து, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, துக்கம் விசாரிக்கிறவர் போல வந்து உட்கார்ந்தார்.

“அப்ப என் கழுத்த யாருங்கய்யா அறுக்கிறது?”

“அறுப்பதற்கு வேறு ஆள் வருவார். தம்பி உங்களைத் தூங்க வைப்பான்” என்றேன்.

“தூக்கத்துக்கு எனக்கென்னங்க கொறை? மில்லுச் சத்தத்துலயே தூங்குறவன் நான்.” கழலையைத் தடவிக்கொண்டார். “ஐயா தப்பா நெனைக்கப்படாது. தம்பிக்கு ரத்தங்கண்டா பயங்களா?”

ரெங்கராஜ் அவர்களே, என் மகனைப் பற்றி இப்படி ஒரு கேள்வி என் வீட்டு வாசலில் கேட்கப்பட்டது. கேட்டவர் அதைப் பரிவுடன் கேட்டார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

இந்தக் கட்டத்தில் பொன்னுத்தாய் அக்கா, இதைக் கருப்பரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் குலதெய்வக் கோயிலில் கூடும் வழக்கம் தங்களுக்குத் தெரியும். கேள்வியைச் சொல்லிக் கிடாவின் கழுத்தில் மஞ்சள் தண்ணீரை ஊற்ற வேண்டும். அது உடம்பை உதறித் துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, சும்மா நின்றால் இல்லை. நான் எம்.ஏ. படித்தவன். கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்று சட்டம் இருப்பதைப் பூசாரி வீரய்யாவிடம் எடுத்துச் சொன்னேன். “வெட்டப்போறது இல்லைங்களே, கேக்கத்தானங்க போறோம்” என்றார் அவர். உண்மையைச் சொன்னால், தண்ணீர் பட்டால் எந்தக் கிடாவும் உதறத்தான் செய்யும். முதல் கேள்வியே அறுவை சிகிச்சை பற்றி இருக்குமாறு பார்த்துக்கொண்டால் காரியம் முடிந்தது என்று நான் கணக்குப் போட்டேன். கேள்வியின் வரிசையை நானே வீரய்யாவிடம் சொல்லி வைத்தேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை வெயில் ஏறியதும் கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கறுப்புக் கிடா; நெற்றியில் மட்டும் வெள்ளை. வீரய்யா கண்ணை மூடி, “கருப்பா! புள்ளைய கத்தி வைக்கிற டாக்டராப் போகச் சொல்றியா?” என்று கேட்டுத் தண்ணீரை ஊற்றினார். கிடா நின்றது. மறுபடி ஊற்றினார். நின்றது.

“என்னய்யா தீர்த்தம் மாதிரித் தெளிக்கிறீரு? கொடத்தோட ஊத்தும்!” என்றார் அக்கா.

குடத்தோடு ஊற்றினார்கள். கிடா நனைந்த சாக்கு மாதிரி நின்றது. பங்காளிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

“காதுக்குள்ள ஊதுங்கப்பா!”

“சத்தம் போடாத. அது யோசிக்குதுல்ல.”

“வடக்குப் பாக்கத் திருப்பி நிறுத்துங்க, சாமி அங்கிட்டுத்தான இருக்கு.”

திருப்பினார்கள். நின்றது. வீரய்யாவுக்கு வியர்த்துவிட்டது. “ஐயா, கண்ணு டாக்டருக்கு ஒருக்காக் கேட்டுப் பாப்பமா?” என்று என் காதருகே கேட்டார். கூடாது என்றேன். கூட்டத்தில் எவனோ “மாட்டு டாக்டருக்குக் கேளுங்க!” என்றான். கிடா அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து கத்தியது. சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. எனக்கு வியர்த்தது வெயிலால் மட்டுமல்ல. தன் மகன் என்னவாக வேண்டும் என்பதைக் கிடாவிடம் கெஞ்சிக்கொண்டு நின்ற முதல் எம்.ஏ. நானாகத்தான் இருப்பேன்.

அதுவரை ஓரமாக நின்ற சோலையப்பன் அப்போது முன்னால் வந்தான். “அது பயந்து போயிருக்குங்க. பாருங்க, காலு நடுங்குது” என்றான். அந்த ஈரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையைக் கிடாவின் தாடைக்கு அடியில் கொடுத்து, கட்டைவிரலைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அதனிடம் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். கிடாவின் கண்ணைப் பார்த்தேன். நடுக்கம் நின்றது. முன்னங்காலை மடித்தது, பின்னங்காலை மடித்தது, அவன் கையிலேயே தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

வீரய்யாதான் முதலில் வாய் திறந்தார். “துளுக்கிப் பாத்திருக்கேன், நின்னு பாத்திருக்கேன். என் ஆயுசுல கிடா படுத்து நான் பாத்ததில்லை.”

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றார் பொன்னுத்தாய் அக்கா. “சாமி தூங்கியே காமிச்சிருச்சு! மயக்கத்துக்குத்தான் உத்தரவு!” என்று சொல்லிக் குலவை போட்டார். பெண்கள் அத்தனை பேரும் போட்டார்கள். தங்கள் சகோதரியின் குரலை நான் தனியாகக் கேட்டேன்.

இது உத்தரவன்று, களைப்பு என்று நான் எடுத்துரைத்தேன். கேட்கப்பட்ட கேள்விக்கும் விடைக்கும் தொடர்பில்லை என்றேன். சம்பந்தப்பட்ட கட்சிக்காரனே போய்த் தாடையைப் பிடிப்பதற்குக் கோர்ட்டில் சாட்சியைக் கலைத்தல் என்று பெயர் என்றும் சொன்னேன். வீரய்யா கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா படிச்சவங்க. ஆனாக் கிடாகிட்ட கேட்டுப்புட்டு, கிடா சொன்னத ஒத்துக்க மாட்டேங்குறது நல்லாயில்லைங்க” என்று சொன்னார். உத்தரவு சொன்ன கிடா என்பதால் அதை யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. என் வீட்டுக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பெயர்ப்பலகையின் கயிற்றைத் தின்றுவிட்டது. இதை எழுதும்போதும் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பார்வையில் ஒரு அலட்சியம் தெரிகிறது.

ஆகவே, இம்மாதக் கடைசிக்குள் தாங்கள் நேரில் அவனுடன் கல்லூரிக்குச் சென்று, மயக்கத்தை அடித்துவிட்டு அறுவை சிகிச்சை என்று எழுதச் செய்து, எங்கே முன்பு கையொப்பமிட்டீர்களோ அங்கேயே மறுபடி கையொப்பமிட வேண்டும். என்னால் இன்னும் சில காலம் இதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க முடியும். அவன் சர்ஜனாகி வரும்வரை தும்மாமல் இருக்கவும் தயாராயிருக்கிறேன். என் உடம்பில் என் மகன் கை பட வேண்டும்; முன்பின் அறியாதவன் கை படக்கூடாது. இது ஒன்றுதான் நான் கேட்பது. தாங்கள் செய்யத் தவறினால், நமக்குள் உறவு முறியாது. அப்படி முறித்துக்கொள்வது படிப்பறிவில்லாதவர் செயல். தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு நான் வருவேன். வந்து முன்வரிசையில் உட்காருவேன். சாப்பிட மாட்டேன். கேட்பவர்களுக்குக் காரணமும் சொல்ல மாட்டேன்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் மனமார்ந்த ஆசிகள். தங்களுக்கும் ஆசி கூற வயதில் மூத்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அதை இம்மாதக் கடைசிவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
செ. மலையாண்டி, எம்.ஏ.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை.

மாப்பிள்ளை, மேலே உள்ளதை உறையில் போட்டு நேற்றுக் காலை தபாலாபீசுக்குப் புறப்பட்டேன். வாசலைத் தாண்டும்போது கிடா அவிழ்த்துக்கொண்டு மில் பக்கம் ஓடியது. விரட்டினேன். நான் ஓடி எத்தனை வருஷமாகிறது என்பது ஓடிய பிறகுதான் நினைவு வந்தது. பெல்ட் அறுந்துவிட்டது. அது இறங்கிவிட்டது, தள்ளினேன், போகவில்லை. மில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்லமுத்துதான் லாரியில் அரிசி மூட்டைமேல் என்னைப் படுக்க வைத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் கழலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், நல்ல மனிதர். அந்த டாக்டர் காலைத் தூக்கிக் கட்டிலில் கட்டி, ஐஸ் வைத்து, பொறுமையாக எப்படியோ உள்ளே அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை வந்தால் போகாது என்றார். வருகிற திங்கட்கிழமை அறுவை. ஒத்துக்கொண்டுவிட்டேன். யார் கை பட்டாலும் சரி என்று வலி வந்தபோது தோன்றிவிட்டது.

வரும்போது, “மயக்க மருந்து கொடுப்பது யார்?” என்று கேட்டேன்.

“நம்ம கம்பவுண்டர்தான் சார். சைக்கிள் பஞ்சர் ஒட்டப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு.”

“அவர் நோயாளியிடம் ஏதாவது பேசுவாரா?”

“எதுக்குப் பேசணும்?” என்றார் டாக்டர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்க பையனே அந்த வேலை பழகுறானாமே. வரச் சொல்லுங்க, எனக்கும் நிம்மதி. கத்தி பிடிக்க இந்த ஊர்ல ஆளு இருக்கோம் சார்” என்றார்.

ஆகவே, மாப்பிள்ளை, நீ விண்ணப்பத்தைத் தொடாதே. மேலே எழுதியவற்றைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அத்தனை தாளும் வீணாகும். தவிர, நடை சில இடங்களில் நன்றாக அமைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. ஒங்கக்கா ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடலை. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை என்று அவனிடம் சொல். கேட்டால் மட்டும் சொல்.

இன்னொன்று. தலைமாட்டில் நின்று பிள்ளைகளின் பெயரைக் கேட்கும் அந்த முறை எனக்குச் சரிப்படாது. எனக்கு இருப்பது ஒரு பெயர். சொன்னால் உடனே தீர்ந்துவிடும், அதற்குள் தூக்கம் வராது. முகலாயச் சக்கரவர்த்திகளை வரிசையாகக் கேட்கச் சொல். பாபரிலிருந்து தொடங்குகிறேன். கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும், அன்றைக்குக் கிடாவுக்கு வைத்த மாதிரி. எந்தப் பெயரில் விட்டேன் என்பதை அவன் மறக்காமல் நினைவில் வைத்திருக்க வேண்டும். எழுந்ததும் கேட்பேன்.